ரெண்டா, பெருசா ஒண்ணா

அந்த அக்கா பேரை நான் இங்க சொல்லப் போறதில்ல. சொன்னா, "என் பேரைப் பெரிய எழுத்துல போட்டியா, சின்ன எழுத்துல போட்டியா?"ன்னு கேப்பாங்க. கேட்டுட்டு, "எது நல்லா இருக்கும், நீயே சொல்லு"ன்னு என்கிட்டயே திருப்பி விடுவாங்க. நானும் மெனக்கெட்டு யோசிச்சு ஒரு பதில் சொல்லுவேன். அந்த வம்பே வேணாம்.

"நீயே சொல்லு." அந்த அக்கான்னா அவ்வளவுதான். வேற எது மறந்தாலும் அந்த ரெண்டு வார்த்தை மறக்காது. கேட்டுட்டு சும்மா இருக்க மாட்டாங்க. கண்ணாடியைக் கழட்டித் தலைமேல ஏத்திக்குவாங்க, தாடையைக் கையில தாங்கிக்கிட்டு நம்ம மூஞ்சியையே பாப்பாங்க. நாம வாயைத் திறக்கற வரைக்கும் அவுங்களுக்கு உலகத்துல வேற சோலியே இல்லன்ற மாதிரி இருக்கும்.

எங்க வீட்டுல நான் மூணாவது பொண்ணு. மூணாவது பொண்ணை யாரு என்ன கேப்பாங்க? சட்டை அக்காவுது, புத்தகம் அக்காவுது, ஞாயித்துக்கிழமை மாதா கோயிலுக்கு எந்தப் பூசைக்குப் போறதுன்றதுகூட அப்பா முடிவு. காலேஜுல என்ன படிக்கறதுன்னு எங்கப்பா பங்குச் சாமியாரைக் கேட்டாரு, மாமாவைக் கேட்டாரு, பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டாரு. என்னைக் கேக்கல. அப்படி வளந்தவ, கடலூர் செம்மண்டலத்துலேர்ந்து கெளம்பி தெனம் பஸ் புடிச்சு சிதம்பரத்துக்கு வேலைக்குப் போனா, அங்க ஒரு அம்மா தாடையைத் தாங்கிக்கிட்டு "நீயே சொல்லு"ன்றாங்க. நான் விழாம என்ன பண்ணுவேன். தலைகுப்புற விழுந்தேன்.

அது மேல வீதியில ஒரு போட்டோ ஸ்டுடியோ. கல்யாண ஆல்பமெல்லாம் போட்டோவை ஒட்டித் தர்ற காலம் போயி, கம்ப்யூட்டர்ல டிசைன் பண்ணிப் புத்தகமா அடிச்சுத் தர்ற காலம் வந்துடுச்சு. மாடியில ஒரு ரூம், அதுல அக்காவும் நானும். அவுங்க எனக்கு முன்னாடியே சேந்தவங்க, முப்பது தாண்டின வயசு. வீட்டுக்காரரு துபாய்ல இருந்தாரு. வேலை முழுக்க எனக்கு அவுங்கதான் சொல்லிக் குடுத்தாங்க. சொல்லிக் குடுக்கறதுகூடக் கேள்வியாத்தான் வரும். "இந்த எடத்துல தாலி கட்டற போட்டோவை வெப்பியா, ஊஞ்சல் போட்டோவை வெப்பியா? நீயே சொல்லு."

மத்தியானம் மெஸ்ஸுக்குப் போனா, "எலுமிச்சை சாதமா, தயிர் சாதமா?"ன்னு கேப்பாங்க. நான் எலுமிச்சைன்னு சொல்றதுக்குள்ள தயிர் சாதம் ரெண்டு எலையில வந்து எறங்கும். உள்ள நுழையும்போதே சொல்லிட்டுத்தான் வந்திருப்பாங்க. அவுங்க தங்கச்சி கல்யாணத்துக்கு என்ன கலர் புடவை எடுக்கலாம்னு ஒரு வாரம் என் உயிரை எடுத்தாங்க. நானும் கிளிப்பச்சை, மயில்கழுத்துன்னு மண்டையைப் போட்டு ஒடச்சுக்கிட்டேன். கடைசியில பாத்தா நாவப்பழக் கலர் புடவை அதுக்கு முன்னாடியே வாங்கி, ஜாக்கெட்டு தைக்கக் குடுத்தாச்சு. "அப்புறம் எதுக்குக்கா என்னைக் கேட்டீங்க?"ன்னேன். "உன்னைக் கேக்காம எப்படிடி?"ன்னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அது பாசம்னு நெனச்சேன், வேற என்ன.

எங்க ரூம்ல ரெண்டு மானிட்டர் இருந்துச்சு. எடது பக்கம் பழைய பொட்டி மானிட்டர், பின்னாடி தொப்பை தள்ளிக்கிட்டு நிக்கும். வலது பக்கம் புதுசா வந்த தட்டை மானிட்டர். ரெண்டும் ஒரே கம்ப்யூட்டர்ல மாட்டினது. பொண்ணு வீட்டுக்காரங்களும் மாப்பிள்ளை வீட்டுக்காரங்களும் வந்து ஒக்காந்து, பழைய மானிட்டர்ல போட்டோ பொறுக்குவாங்க. அக்கா அவுங்களோட பேசிக்கிட்டே இருப்பாங்க. நான் மவுஸைப் புடிச்சுக்கிட்டு, அவுங்க பொறுக்கினதைப் புதுசுல டிசைன்ல கோப்பேன். ஒரு பக்கம் பேச்சு, ஒரு பக்கம் வேலை. ரெண்டு மானிட்டர் இருக்கறதுல அதான் சௌகரியம்.

அதுல ஒரு சங்கடமும் இருந்துச்சு. ஆல்பத்தை விரிச்சா ரெண்டு பக்கமும் சேந்து ஒரே நீளத் தாளா வரும். அதை முழுசாக் காட்டணும்னா ரெண்டு மானிட்டர்லயும் சேத்து இழுத்து விடணும். அப்போ மாப்பிள்ளை பழசுல நிப்பாரு, பொண்ணு புதுசுல நிக்கும், நடுவுல ரெண்டு மானிட்டரோட சட்டமும் கறுப்பா ஒரு கோடு போட்டு நிக்கும். ஒரு தடவை மங்கலம்பேட்டைலேர்ந்து ஒரு மாமியாரம்மா வந்தாங்க. தாலி கட்டற படத்தை அப்படி இழுத்து விட்டதும் மூஞ்சி சுண்டிப் போச்சு. "என்னம்மா இது, புள்ளைக்கும் பொண்ணுக்கும் நடுவுல கறுப்புக் கோடு? இந்த ஆல்பமே எனக்கு வேணாம்"னு எழுந்துட்டாங்க. அது மானிட்டர் சட்டம்மா, புத்தகத்துல வராதுன்னு நான் சொல்லச் சொல்ல அவுங்க செருப்பைத் தேட ஆரம்பிச்சாங்க.

அக்கா அசையல. கண்ணாடியைத் தலைமேல ஏத்தினாங்க. "அம்மா, நீங்க பெரியவங்க. பொண்ணை எந்தப் பக்கம் நிக்க வெக்கலாம், நீங்களே சொல்லுங்க"ன்னு கேட்டாங்க. அந்தம்மா நின்னு யோசிச்சு, "ரெண்டு பேரையும் ஒரே பக்கமா நிக்க வெய்யி"ன்னாங்க. தாலி கட்டற படத்துல பொண்ணும் மாப்பிள்ளையும் எப்பவும் ஒரே பக்கமாத்தான் நிக்கறாங்க. நான் படத்தைப் புது மானிட்டருக்குள்ள மொத்தமா நவுத்தி விட்டேன், அவ்வளவுதான். அந்தம்மா ஒக்காந்து காப்பி குடிச்சுட்டு, "இந்தப் பொண்ணுக்கு எவ்வளவு பொறுமை"ன்னு அக்காவுக்கு நெட்டி முறிச்சுட்டுப் போனாங்க. நான் வாயைப் பொளந்து பாத்துக்கிட்டு இருந்தேன்.

அன்னிலேர்ந்து அக்காவுக்கு ஒரு ஆசை. நம்ம சொந்தமா கடை போட்டா பெருசா ஒரே ஒரு மானிட்டர் வாங்கணும், இருபத்து நாலு இன்ச்சு, நடுவுல கோடே இருக்கக் கூடாதுன்னு. 'நம்ம'ன்னு சொன்னாங்க. எனக்கு அந்த வார்த்தையிலேயே வயிறு ரொம்பிடுச்சு. ஆனா நான் ரெண்டு மானிட்டர் கட்சி. ஒண்ணு ரிப்பேர் ஆனாலும் இன்னொண்ணுல வேலை ஓடும், ஜனங்க ஒண்ணுல பாக்கட்டும் நாம ஒண்ணுல பண்ணலாம், ஒரே மாதிரி ரெண்டு தட்டை மானிட்டர் வாங்கிட்டா போதும்னு வாதாடுவேன். "அட ஆமாம்ல"ன்னு கேட்டுக்குவாங்க. மறுநாள் மறுபடியும் மொதல்லேர்ந்து ஆரம்பிப்பாங்க. "ரெண்டா, பெருசா ஒண்ணா? நல்லா யோசிச்சு நீயே சொல்லு."

இதுக்கு நடுவுல ஒரு நாள் கூரைப்புடவை விவகாரம் ஒண்ணு நடந்துச்சு. அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். பொண்ணு வீட்டுல பழைய மானிட்டர்ல பாத்து, அரக்குக் கலர் ரொம்ப அழகா இருக்குன்னு சொல்லிட்டுப் போனாங்க. பழைய மானிட்டர் கலரை நம்பாத, புதுசப் பாத்து வெய்யின்னு அக்கா சொன்னாங்க, நானும் புதுசப் பாத்துக் கலரை வெச்சேன். புத்தகம் அச்சாகி வந்தா கூரைப்புடவை செங்கல்பொடி கலர்ல இருந்துச்சு. ரெண்டு மானிட்டரும் ரெண்டு கலர் காட்டியிருக்கு, நெசமான கலரைக் காட்டினது அந்தத் தொப்பை மானிட்டர்தான். பொண்ணோட அப்பா கீழ நின்னு கத்தறாரு. ஸ்டுடியோ மொதலாளி மாடிக்கு வந்து, யாரு பாத்த வேலைன்னு கேட்டாரு.

அக்கா என் பக்கம் திரும்பினாங்க. அதே மூஞ்சி, அதே பாசம். "எந்த மானிட்டரைப் பாத்துக் கலர் வெச்ச, நீயே சொல்லு"ன்னாங்க.

"புதுசப் பாத்துக்கா"ன்னேன். அதானே நெசம். அவுங்க சொல்லித்தான் வெச்சேன்றதும் நெசம், ஆனா அதை அவுங்க கேக்கலையே. மொதலாளி என்னைத் திட்டித் தீத்துட்டுப் போனாரு. அக்கா எனக்கு டீ வாங்கியாந்து குடுத்தாங்க. "நான்தான் வெக்கச் சொன்னேன்னு ஒத்துக்கிட்டிருந்தா மாட்டிக்கிட்டிருப்பேன்டி, உன்னைன்னா சின்னப் பொண்ணுன்னு விட்டுடுவாரு"ன்னாங்க.  வாங்கிக் குடிச்சேன், அவுங்க மனசு கோணக் கூடாதுன்னு.

அப்புறம் கடை விஷயம் நெசமாவே சூடு புடிச்சுது. கடலூர்ல மஞ்சக்குப்பத்துல எங்க மாமா வீட்டு வாசல் ரூம் ஒண்ணு ரோட்டைப் பாத்து இருந்துச்சு. சாமான் போட்டு வெச்சிருந்தாரு. நான் போயி நின்னு கேட்டதும் மறுபேச்சு இல்லாம ஒழிச்சுக் குடுத்தாரு. "எங்க குடும்பத்துலேயே மொதல் மொதலாளியம்மா நீதான்"னு தெருவுல போறவங்க கிட்டயெல்லாம் சொன்னாரு. அதே சமயத்துல பங்குச் சாமியார் சொல்லி, எங்க கோயில் பள்ளிக்கூடத்துல எனக்குக் கம்ப்யூட்டர் டீச்சர் வேலை வந்துச்சு. வீட்டுப் பக்கத்துலேயே வேலை, பஸ்ஸு இல்ல, அலைச்சல் இல்ல. நான் வேணாம்னுட்டேன். எங்கப்பா என்கூடப் பேசறதையே நிறுத்திட்டாரு. பொறந்ததுலேர்ந்து நான் எடுத்த ஒரே முடிவு அது. அந்த முடிவு செயிச்சே ஆகணும்னு இருந்துச்சு எனக்கு.

அக்கா கேள்வி மேல கேள்வி கேட்டாங்க. கடைக்கு என்ன பேரு வெக்கலாம்? நான் ராவெல்லாம் யோசிச்சு 'மணவறை டிசைன்ஸ்'னு சொன்னேன், போர்டுல எழுத்து சிவப்புல இருக்கணும்னும் சொன்னேன். செவுத்துக்கு என்ன கலர்? வெளிச்சமா அடிச்சா அந்தக் கலரு மானிட்டர் மேல பட்டு கண்ணை ஏமாத்தும், லேசான சாம்பல் அடிங்கன்னேன். ஜனங்க ஒக்கார நாற்காலியா, பெஞ்சா? பெஞ்சுதான், கல்யாண வீட்டுக்காரங்க ஒருத்தர் ரெண்டு பேரா வர மாட்டாங்கன்னேன். டியூப் லைட்டு எங்க? பக்கவாட்டுச் செவுத்துல, ஸ்கிரீன்ல அடிக்காத மாதிரி. ஒவ்வொண்ணுக்கும் "நீ சொன்னா சரிதான்"னாங்க.

கடைசியா ஒண்ணு கேட்டாங்க. "ரெண்டு பேரும் ஒண்ணா நின்னுட்டா மொதலாளி கோவப்படுவாரு. யாரு மொதல்ல வேலையை விட்டு நிக்கறது? நீயே சொல்லு."

"நானே நிக்கறேன்க்கா"ன்னேன். ரூமைத் தயார் பண்ணணும், செவுரு அடிக்கணும், எல்லாம் எங்க ஊருதானேன்னு காரணமும் நானே சொன்னேன். அவுங்க மூஞ்சியில ஒரு நிம்மதி வந்துச்சு பாருங்க. எனக்காகச் சந்தோஷப்படறாங்கன்னு நெனச்சேன். பைத்தியக்காரி.

நின்னேன். நானும் மாமா பையனும் சேந்து செவுத்துக்குச் சாம்பல் கலர் அடிச்சோம். அக்கா தெனம் சாயங்காலம் போன் பண்ணுவாங்க. இந்த மாசக் கடைசியில நிக்கறேன், அடுத்த மாசம் நிக்கறேன்னு தள்ளிக்கிட்டே போனாங்க. அதைப் பத்தி நான் எதாவது கேக்கறதுக்குள்ள மானிட்டருக்குத் தாவிடுவாங்க. "ரெண்டா, பெருசா ஒண்ணா? இன்னும் நீ ஒரு முடிவு சொல்ல மாட்டேன்றியே." நானும் கடைசியில ஒரு வழியா, ரெண்டுதான்க்கா, அடிச்சுச் சொல்றேன், எனக்கு ஒண்ணு உங்களுக்கு ஒண்ணுன்னு சொன்னேன்.  அக்கா "சரி, பாண்டிச்சேரியில வெல கம்மின்றாங்க, சேந்து போயி வாங்கலாம்"னாங்க.

சேந்து போகலாம்னு சொன்ன நாள்ல போன் எடுக்கல. அடுத்த நாளும் எடுக்கல. ஒடம்புக்கு என்னமோன்னு பதறிப் போயி பஸ் ஏறினேன். முட்லூர் தாண்டி வெள்ளாத்துப் பாலத்து மேல பஸ்ஸு போறப்போகூட மாதாவே அவுங்களுக்கு ஒண்ணும் ஆகியிருக்கக் கூடாதுன்னுதான் வேண்டிக்கிட்டேன். அதை நெனச்சாத்தான் இன்னிக்கும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது.

ஸ்டுடியோவுல மொதலாளி என்னை ஒரு மாதிரி பாத்தாரு. "அவ நின்னு ரொம்ப நாள் ஆச்சே, உனக்குத் தெரியாது? வடக்கு வீதியில கடை போட்டுட்டாளே. நீயும் அங்கதான் இருக்கேன்னு நெனச்சேன்"னாரு.

வடக்கு வீதி ஒண்ணும் தூரம் இல்ல. நடந்து போனேன். தூரத்துலேர்ந்தே போர்டு தெரிஞ்சுது. 'மணவறை டிசைன்ஸ்'. நான் சொன்ன எழுத்து, நான் சொன்ன சிவப்பு. உள்ள லேசான சாம்பல் கலர் செவுரு. ஜனங்க ஒக்கார பெஞ்சு. டியூப் லைட்டு பக்கவாட்டுச் செவுத்துல. நான் வாய் தொறந்து சொன்னது ஒண்ணைத் தவிர எல்லாம் அங்க இருந்துச்சு. மேசை மேல பளபளன்னு பெருசா ஒரே ஒரு மானிட்டர். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு நாற்காலி, அதுல அக்கா.

அவுங்க திடுக்கிட்டிருந்தாக்கூட எனக்கு ஆறுதலா இருந்திருக்கும். "வாடி, ஒக்காரு"ன்னாங்க. மானிட்டரை என் பக்கம் திருப்பினாங்க. ஒரு ஜோடி மாலையும் கழுத்துமா நீளமா நின்னுக்கிட்டு இருந்துச்சு. "நடுவுல கோடு இல்ல பாரு. எப்படி இருக்கு, நீயே சொல்லு"ன்னாங்க.

நான் பாத்தேன். "பொண்ணு மூஞ்சியில மஞ்சள் கொஞ்சம் ஜாஸ்தி"ன்னேன்.

ஒடனே கொறச்சாங்க. "இப்போ?"

"இப்போ சரியா இருக்கு."

சொல்லி முடிச்சப்புறம்தான் எனக்கு ஒறைச்சுது. என்னை முதுகுல குத்தினவங்களுக்கு அங்கேயே நின்னு கலர் திருத்திக் குடுத்திருக்கேன். "எனக்கு எங்கேக்கா எடம்?"னு கேட்டேன். கொரல் கீச்சுன்னு வந்துச்சு.

"வூட்டுக்காரரு கூட்டு வேணாம்னுட்டாருடி. பணம் அனுப்பறது அவரு. நான் என்ன பண்ணியிருக்கணும், நீயே சொல்லு"ன்னாங்க. கண்ணாடி தலைமேல ஏறிடுச்சு. தாடைக்குக் கை போயிடுச்சு. பதிலுக்குக் காத்துக்கிட்டு இருந்தாங்க, நெசமாவே காத்துக்கிட்டு இருந்தாங்க.

"எப்போக்கா வாங்கினீங்க இந்த மானிட்டரை?"

அக்கா கண்ணாடியை எறக்கி மூக்குல மாட்டிக்கிட்டாங்க. மானிட்டர் வந்த அட்டைப்பொட்டி ஓரத்துல கெடந்ததைப் பாத்தேன். அது மேல காலண்டர், சீப்பு, பூஜை சாமானெல்லாம் வெச்சு, மேல தூசி படிஞ்சு கெடந்துச்சு. நேத்து வந்த பொட்டி இல்ல அது. தெனம் போன்ல ரெண்டா ஒண்ணான்னு கேட்டப்போ இந்த நாற்காலியில ஒக்காந்துக்கிட்டுத்தான் கேட்டிருக்காங்க. நான் தொண்டை வறள வாதாடினப்போ, அந்த மானிட்டர் அவுங்க மூஞ்சிக்கு முன்னாடி எரிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. நான் திரும்பி வெளிய வந்துட்டேன்.

பள்ளிக்கூட வேலைக்கு வேற பொண்ணு சேந்துட்டா. மாமா ஒரு வார்த்தை திட்டல, அந்த ரூமை செல்போன் ரீசார்ஜ் கடைக்கு விட்டாரு. சாம்பல் கலர் செவுரு அப்படியே இருந்துச்சு, போற வர்றப்போவெல்லாம் கண்ணுல படும். எங்கப்பா மட்டும் ஒரே ஒரு வார்த்தை சொன்னாரு. "யாரைக் கேட்டு முடிவு பண்ணினே?"ன்னாரு.

நான் மெல்ல எழுந்தேன். ஊர்ல இருக்கற ஸ்டுடியோக்காரங்களுக்கு வீட்டுலேர்ந்தே டிசைன் பண்ணிக் குடுத்தேன். 'தானே' புயல் அடிச்சு கரெண்டு இல்லாமக் கெடந்த நாள் எல்லாம் தாண்டி, இப்போ செம்மண்டலத்துல மாடி ரூம்ல ஒரே மாதிரி ரெண்டு மானிட்டர் வெச்சிருக்கேன். ரெண்டுலயும் அரக்கு அரக்காத்தான் தெரியும். வேலைக்கு ஆள் வெச்சுக்கச் சொல்றாங்க. வெக்கல. பக்கத்துல ஒருத்தி ஒக்காந்தா நானும் எதாவது கேக்க ஆரம்பிச்சுடுவேனோன்னு ஒரு பயம்.

போன மாசம் ஒரு போன். எடுத்ததும் தெரிஞ்சுடுச்சு. நடுவுல அத்தனை வருஷம் போனதே தெரியாத மாதிரி அதே கொரல்.

"ரெண்டாவதா ஒரு மானிட்டர் வாங்கலாமான்னு யோசிக்கறேன்டி. நீ அப்பவே சொன்ன. வேலை ஜாஸ்தி, ஒண்ணுல முடியல. வாங்கலாமா, வேணாமா? நீயே சொல்லு."

என் வாய் வரைக்கும் வந்துடுச்சு, வாங்குங்கக்கான்னு. முழுங்கிட்டேன். "எப்போ வாங்கினீங்க?"ன்னேன்.

 "போன வாரம்"னாங்க.

"அதுல யாரு ஒக்காந்திருக்கா?"

"ஒரு பொண்ணு. முட்லூர்லேர்ந்து வருது. நல்ல பொண்ணுடி, எதைக் கேட்டாலும் உன்னை மாதிரியே நின்னு யோசிச்சுப் பதில் சொல்லும்"னாங்க. பின்னாடி மவுஸ் தட்டற சத்தம் எனக்குக் கேட்டுச்சு.

"அந்தப் பொண்ணுகிட்ட போனைக் குடுங்கக்கா"ன்னேன்.

வாழ்க்கையில மொதல் தடவையா அவுங்க என்னை ஒண்ணும் கேக்கல. போனை வெச்சுட்டாங்க.